கொல்லையில் பீச் மரம்: கேள்வி பதில்

மன்னார்குடியிலிருந்து: ஐயா, கொடைக்கானல் போனப்ப வாங்கின பீச் பழத்துக் கொட்டை வச்சிருக்கேன். கொல்லையில போட்டா எவ்வளவு உயரம் வரும்?

பதில்: குளிர் ஊரில் தன்போக்கில் விட்டால் 15 முதல் 25 அடி. பக்கவாட்டிலும் ஏறக்குறைய அதே அளவு படரும். பழத்துக்காக வளர்ப்பவர்கள் 12 அடிக்கு மேல் விடமாட்டார்கள், ஏணி போடாமல் பறிக்கத்தான். கொட்டையை அப்படியே புதைத்தால் முளைக்காது. ஈர மணலோடு ஒரு டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் இரண்டு மூன்று மாதம் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம். உள்ளிருக்கும் பருப்பைப் பிள்ளைகள் கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது விஷம்.

கும்பகோணத்திலிருந்து: நாலு வருஷ மரம், தளதளன்னு நிக்குது. ஒரு பூ இல்லை. என்ன உரம் போடலாம்?

பதில்: உரமே போடாதீங்கம்மா. யூரியா போட்டால் இன்னும் இலைதான் வரும். பீச் மொட்டு உறக்கம் கலைய 7 டிகிரிக்குக் கீழே குளிர் வேண்டும். பல ரகங்களுக்கு 600 முதல் 1000 மணி நேரம். நம்மூர் மார்கழி விடியலே 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஆக, கணக்கு பூஜ்யம்.

திருவாரூரிலிருந்து: பஞ்சாபும் சமவெளிதானே, அங்க காய்க்குதே?

பதில்: நல்ல கேள்வி தம்பி. அங்கே நடுவது ஃப்ளோர்டா பிரின்ஸ் மாதிரி, 150 மணி நேரக் குளிரே போதும் என்கிற ரகங்கள். பஞ்சாபில் தை மாத இரவுகள் 5, 6 டிகிரிக்கு இறங்கும். நமக்கு அந்த 150-ம் கிடையாது. நர்சரியில் ‘எல்லா ஊருக்கும் ஏற்றது’ என்று விற்றால், தாய்மரம் காய்த்த ஊர் எது என்று கேளுங்கள்.

அதே ஊரிலிருந்து இன்னொருவர்: தொட்டியில் வைக்கிற குட்டை ரகம்?

பதில்: 5, 6 அடியோடு நிற்கும். குளிர் அதற்கும் வேண்டும்.

திருவையாற்றிலிருந்து: வெட்டிவிட்டா சின்னதாவே வச்சுக்கலாமா?

பதில்: வைத்துக்கொள்ளலாம். போன வருடம் விட்ட குச்சியில்தான் இந்த வருடம் பூக்கும் என்பதால், மலையில் வருடாவருடம் கவாத்து செய்து நடுவைத் திறந்துவிடுவார்கள். உங்களுக்கு அது அழகுக்கு மட்டும்தான்.

மயிலாடுதுறையிலிருந்து: களிமண் நிலம், ஐப்பசியில ரெண்டு நாள் தண்ணி நிக்கும். தாங்குமா?

பதில்: தாங்காது. தண்ணீர் நின்றால் காற்றில்லாமல் வேர் அழுகும். ஆசை விடவில்லை என்றால் இரண்டடி மேடு கட்டி, மணலும் தொழுவுரமும் கலந்து வையுங்கள். எனக்கு அந்த இடம் கிடைத்தால் கொய்யா வைப்பேன்.