ஒட்டிப்போன அட்டைகளைப் பிய்க்காதீர்கள்

கேள்வி: மாமனாரின் தகரப்பெட்டியில் ஐம்பது பழைய சினிமாப் பாட்டுப் புத்தகங்களும், சோர் பஜாரில் அவர் வாங்கிய சிகரெட் அட்டைகள் (அந்தக் காலத்து சிகரெட் பெட்டிக்குள் வந்த சின்னப் பட அட்டைகள்) ஓர் ஆல்பமும் இருக்கின்றன. இந்த மழையில் அட்டைகள் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டன. சில ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன. புத்தகங்களில் ஸ்டேப்பிள் பின் துருப்பிடித்திருக்கிறது. எல்லாவற்றையும் லேமினேட் செய்துவிடலாமா?
- வாசகி, செம்பூர், மும்பை

பதில்: லேமினேஷன் மட்டும் வேண்டாம், தயவுசெய்து. சூட்டில் இளகும் பசை தாளின் இழைக்குள் இறங்கிவிடும். பிறகு பிரிக்க வழியே இல்லை. கிழிசலுக்கு செலோடேப்பும் கூடாது. அதன் பசை மஞ்சளாகி, எண்ணெய்க் கறையாக மறுபக்கம் வரை ஊறும்.

முதலில் அட்டைகள். மலிவான ஆல்பத்தின் உறை பெரும்பாலும் பிவிசி என்ற பிளாஸ்டிக். அதை வளைய வைக்கச் சேர்க்கும் பொருள் நாளடைவில் கசிந்து அச்சு மையை இளக்கும்; அதனால்தான் ஒட்டுகிறது. உறையின் மூன்று ஓரங்களையும் கத்தரியால் வெட்டித் திறங்கள். அட்டையை மேசையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு பிளாஸ்டிக்கை மட்டும் பின்னோக்கி மடித்து, மெதுவாகச் சுருட்டி எடுங்கள். அட்டையை இழுத்தால் படம் பிளாஸ்டிக்கோடு போய்விடும்.

ஒன்றோடொன்று ஒட்டியதற்குக் காரணம் வேறு. 1930களில் வந்த பிரிட்டிஷ் அட்டைகள் பலவற்றின் முதுகில், ஆல்பத்தில் நனைத்து ஒட்டுவதற்காகவே கோந்து தடவியிருப்பார்கள். மும்பை மழைக்கால ஈரமே அதற்குப் போதும். மூடியுள்ள டப்பாவின் அடியில் நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்சு, அதற்கு மேல் கம்பிவலை, வலைமேல் அட்டைகள். ஈரம் நேரடியாகத் தொடக்கூடாது. அரை மணிக்கொரு முறை பாருங்கள். கோந்து இளகியதும் மழுங்கிய மெல்லிய தகட்டை நுழைத்துப் பிரியுங்கள். பிறகு ஈரம் உறிஞ்சும் பிளாட்டிங் தாள்களுக்கிடையே வைத்துக் கனம் ஏற்றி, தாளை மாற்றி மாற்றி உலர்த்துங்கள். இரவு முழுக்க டப்பாவில் விட்டால் பூஞ்சை வரும். மிக மோசமான அட்டையில் முதலில் செய்து பாருங்கள். அச்சாக இல்லாமல் நிஜப் புகைப்படமாக இருப்பவற்றை இப்படிச் செய்யாதீர்கள். அவற்றின் ஜெலட்டின் பூச்சு ஈரத்தில் இளகிவிடும்.

பாட்டுப் புத்தகங்களுக்கு இதைவிட மதிப்புக் கொடுங்கள். முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ (1931) உங்கள் ஊரில்தான் உருவானது. இன்று அதன் பிரதி கிடைப்பதில்லை. அப்படி மறைந்த படங்கள் ஏராளம். பலவற்றின் கதைச் சுருக்கமும் நடிகர் பட்டியலும் பாடல்களும் பாட்டுப் புத்தகத்தில்தான் மிச்சம். பின்னைப் பிடித்து இழுக்காமல், நடுப்பக்கத்தைத் திறந்து, வளைந்த கால்களை மழுங்கிய கத்தியால் நிமிர்த்தி, முதுகுப் பக்கமாகத் தள்ளி எடுங்கள். பழைய துளைகள் வழியே வெள்ளைப் பருத்தி நூலால் தளர்வாகத் தைத்தால் போதும். துருக்கறையைக் கழுவ முயலாதீர்கள். மடிப்பில் தாள் நொறுங்கினால் தைக்கவும் வேண்டாம். அமிலமற்ற தாளில் சுற்றி வையுங்கள்.

புதிய உறைகள் பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டராக இருக்கட்டும். கடைக்காரர் ‘பிளாஸ்டிக்’ என்று மட்டும் சொன்னால் முகர்ந்து பாருங்கள்: புது ரெயின்கோட் வாசனை வந்தால் பிவிசி.

தகரப்பெட்டி ஈரத்தை உள்ளே பூட்டிவிடும். இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டிக்கு மாற்றி, ஈரம் உறிஞ்சும் ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல்லைத் துணிப்பையில் கட்டி, தாளைத் தொடாமல் வையுங்கள். கூடவே ஒரு சிறிய ஈரப்பதமானி. 45 முதல் 55 சதவீதம் நல்லது. 65ஐத் தாண்டினால் பூஞ்சைக்குக் கதவு திறந்ததாகும். ஜெல் நிறம் மாறியதும் ஓவனில் காயவைத்து மீண்டும் பயன்படுத்தலாம். பெட்டியை மாற்றும் வேலையை டிசம்பர், ஜனவரியில் செய்யுங்கள். ஜூலையில் மூடினால் ஈரத்தையும் சேர்த்து மூடுகிறீர்கள். பாச்சை உருண்டை வேண்டாம், அதன் ஆவி உடம்புக்குக் கெடுதல்.

பெட்டியில் பிலிம் துண்டுகள் கிடந்தால் இன்றே தனியே எடுங்கள். காடி வாசனை அடித்தால் அசிடேட் பிலிம் சிதைகிறது. அந்த அமில ஆவி பக்கத்திலிருக்கும் தாளையும் அரிக்கும். 1950களின் தொடக்கத்துக்கு முந்தையதென்றால் எளிதில் தீப்பிடிக்கும் நைட்ரேட் பிலிமாக இருக்கலாம். அதை வீட்டில் வைக்காதீர்கள்; பழைய படங்களைப் பாதுகாக்கும், மும்பையிலேயே இருக்கும் ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷனிடம் கேளுங்கள்.