சார்ஜ் இருக்கு, கதவு ஏன் திறக்கலை?

மின்சாரக் கார் பற்றி இந்த முறை நிறையக் கடிதங்கள். பெரும்பாலும் ரிமோட் சாவியும் போனிலிருந்து போடும் ஏசியும்தான் பிரச்சினை. கும்பகோணத்தில் ஆட்டோ எலெக்ட்ரிக் பட்டறை நடத்துகிறவன் என்ற முறையில், எனக்குக் கைப்பழக்கமானதை வைத்துப் பதில் சொல்கிறேன்.

மின்சாரக் காரைக் கொட்டகையில் விட்டுவிட்டு மகள் வீட்டுக்குப் பெங்களூரு போயிருந்தோம். திரும்பி வந்தால் ரிமோட்டை எத்தனை தடவை அழுத்தியும் கதவு திறக்கவில்லை. கிளம்பும்போது 80 சதவீதம் சார்ஜ் இருந்தது. அத்தனை கரண்டும் எங்கே போனது?
– பள்ளி ஆசிரியை, மன்னார்குடி

கரண்ட் எங்கேயும் போகவில்லை அம்மா, அநேகமாக அப்படியே இருக்கும். உங்கள் காரில் இரண்டு பேட்டரி உண்டு. அடியில் இருக்கிற பெரியது காரை ஓட்டுவதற்கு. கதவுப் பூட்டு, டேஷ்போர்டு, ரிமோட் அனுப்பும் சிக்னலை வாங்குகிற பெட்டி, ஆப்போடு பேசுகிற சிம் எல்லாம் பெட்ரோல் காரில் இருப்பது போன்ற 12 வோல்ட் பேட்டரியில்தான் ஓடுகின்றன. வண்டி பூட்டி நிற்கும்போது பெரிய பேட்டரி பாதுகாப்புக்காகத் துண்டிக்கப்பட்டிருக்கும். அதை மறுபடி இணைக்கவே இந்தச் சின்ன பேட்டரி உயிரோடு இருக்க வேண்டும். இது இறங்கிவிட்டால் 80 சதவீதம் இருந்தும் கதவு திறக்காது.

முதலில் கோளாறு எதில் என்று பாருங்கள். ரிமோட்டை அழுத்தும்போது அதிலுள்ள குட்டி விளக்கு எரியவில்லை என்றால், உள்ளே இருக்கும் பட்டன் செல் தீர்ந்திருக்கலாம். பல ரிமோட்டுகளில் சிஆர் 2032 என்ற 3 வோல்ட் செல்தான், வாட்ச் கடையிலேயே கிடைக்கும். விளக்கு நன்றாக எரிகிறது, இன்னொரு ரிமோட்டுக்கும் வண்டி அசையவில்லை என்றால் 12 வோல்ட் பேட்டரியைச் சந்தேகப்படுங்கள்.

கதவைத் திறக்க ஒரு வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. ரிமோட்டின் ஓரத்தில் ஒரு சின்னக் கொக்கி இருக்கும். அதைத் தள்ளினால் உள்ளிருந்து இரும்புச் சாவி வரும். டிரைவர் பக்கக் கைப்பிடியை உற்றுப் பாருங்கள், சாவித் துளை தெரியும். சில வண்டிகளில் அதன் மேல் ஒரு மூடி இருக்கும், சாவி முனையாலேயே நெம்பி எடுக்கலாம். வாங்கிய நாளிலிருந்து இந்தத் துளையைப் பார்க்காதவர்கள் எத்தனையோ பேர் என் பட்டறைக்கு வருகிறார்கள். வீட்டில் வண்டி எடுக்கிற எல்லோரும் பகல் வெளிச்சத்தில் ஒரு தடவை இந்தச் சாவியைப் போட்டுத் திறந்து பழகிக்கொள்ளுங்கள். ராத்திரி மழையில் அதைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

திறந்த பிறகு 12 வோல்ட் பேட்டரிக்கு வெளியிலிருந்து கொஞ்சம் சார்ஜ் கொடுத்தால் போதும், வண்டி விழித்துக்கொள்ளும். எந்த முனையில் கம்பி மாட்டுவது என்பது வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டில் படம் இருக்கும். ஆரஞ்சு நிற வயர் எதையும் தொட வேண்டாம், அதில் ஓடுவது உயர் மின்னழுத்தம். டேஷ்போர்டில் ரெடி என்று வந்ததும் கொஞ்ச நேரம் அப்படியே விடுங்கள், பெரிய பேட்டரி சின்னதுக்குச் சார்ஜ் ஏற்றிவிடும். மறுபடியும் இறங்கினால் 12 வோல்ட் பேட்டரியை மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

இனி ஊருக்குப் போனால் அங்கிருந்து ஆப்பைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். ஒவ்வொரு தடவையும் கார் தூக்கம் கலைந்து பதில் சொல்கிறது. சாவியைக் கொட்டகைத் தூணிலேயே மாட்டி வைப்பதும் நல்லதில்லை. சில மாடல்களில் பக்கத்தில் சாவி இருக்கிற வரை இரண்டும் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கும், இரண்டிலும் சார்ஜ் குறையும். இன்னொன்று, நம் பக்கத்து வழக்கம். டிராக்டர் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் கார் பேட்டரியிலிருந்து கம்பி போடுவோம். மின்சாரக் காரிலிருந்து அப்படிப் போடவே கூடாது. அதன் 12 வோல்ட் பேட்டரி அவ்வளவு பெரிய இழுப்புக்குச் செய்ததில்லை.

நவக்கிரகக் கோயில்களுக்கு மின்சாரக் கார் ஓட்டுகிறேன். சாமி கும்பிட்டு வருவதற்குள் போனில் ஏசியைப் போட்டு வைக்கச் சொல்கிறார்கள். ஒன்பது கோயிலிலும் போட்டால் வீடு திரும்பச் சார்ஜ் மிஞ்சுமா?
– டிராவல்ஸ் ஓட்டுநர், திருநாகேஸ்வரம்

தாராளமாக மிஞ்சும் தம்பி, கணக்குப் போட்டே பார்ப்போம். வெயிலில் காய்ந்த வண்டியைக் குளிரவைக்க முதலில் ஏசி ஏறக்குறைய 3 கிலோவாட் வரை இழுக்கும், குளிர்ந்த பிறகு 1 கிலோவாட் பக்கம் இறங்கிவிடும். பத்து நிமிடம் ஓடினால் அரை யூனிட்டுக்குள் முடியும். உங்களுடையது 30 யூனிட் பேட்டரி என்று வைத்துக்கொண்டால் ஒன்று, ஒன்றரை சதவீதம். ஒரு யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் கிடைத்தால் ஒரு கோயிலுக்கு மூன்று கிலோமீட்டர்தான் போகும். ஒன்பது கோயிலுக்கும் சேர்த்து 30 கிலோமீட்டரைத் தாண்டாது. திங்களூர் மேற்கே, திருநள்ளாறு கிழக்கே என்று ஓடுகிற உங்களுக்கு அதுவும் ஒரு கணக்குதான். அதனால் காலையில் வீட்டில் சார்ஜர் செருகியிருக்கும்போதே ஏசியைப் போட்டுக் குளிரவைத்துவிட்டுக் கிளம்புங்கள், அந்தச் செலவு பெரும்பாலும் வீட்டு மீட்டரில் போய்விடும்.

மதியத்தில், போட்டவுடன் கண்ணாடியெல்லாம் மூடியபடி ஏசி ஓட வேண்டாம். ரிமோட்டில் திறக்கும் பட்டனை அழுத்திப் பிடித்தால் பல வண்டிகளில் நாலு கண்ணாடியும் இறங்கும். ஒரு நிமிடம் சூடு வெளியேறட்டும், அப்புறம் ஏற்றிவிட்டு ஏசியை 24ல் வையுங்கள். 18ல் வைத்தால் சீக்கிரம் குளிராது, இயந்திரம் முழு வேகத்தில் வெகுநேரம் ஓடும், அவ்வளவுதான். புளியமரமோ கோயில் மதில் நிழலோ கிடைத்தால் விடாதீர்கள், அதற்கு இணையான ஏசி கிடையாது.

ஆப்பில் ஏசி போட போனுக்கும் டவர் வேண்டும், காரிலுள்ள சிம்முக்கும் டவர் வேண்டும். சில கிராமங்களில் போன் பேசும், கார் பதில் சொல்லாது. அதைக் கோளாறு என்று நினைத்து சர்வீஸுக்கு அலைய வேண்டாம். இந்த வசதி முதல் சில வருடங்களுக்கு இலவசம், பிறகு சந்தா என்று வைத்திருக்கும் நிறுவனங்களும் உண்டு. வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

சொந்தக் காரில் வருகிறவர்களுக்கும் ஒன்று. கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது என்று 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. போனையே சாவியாக வைத்திருப்பவர்கள் அதைக் காருக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத் தரிசனத்துக்குப் போய்விட்டால், வெளியே வந்து எதைக் கொண்டு திறப்பது? அன்றைக்கு ரிமோட்டும் மடியில் இருக்கட்டும்.

பேத்தி காரில் தூங்கிவிட்டாள். மின்சாரக் காரில் புகை கிடையாதே, ஏசியைப் போட்டு, பூட்டிவிட்டுப் பத்து நிமிடம் கடைக்குப் போய் வரலாமா?
– ஒரு பாட்டி, மயிலாடுதுறை

வேண்டாம் அம்மா. தயவுசெய்து வேண்டாம்.

புகை கிடையாது என்பது உண்மை. மூடிய கொட்டகையில் பெட்ரோல் காரை ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும், மின்சாரக் காரில் அந்த ஆபத்து இல்லை. ஆனால் போனில் போட்ட ஏசி குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு தானாக நின்றுவிடும். மாடலைப் பொறுத்து பத்து நிமிடமோ அரை மணியோ. சார்ஜ் குறைந்தாலும் நிற்கும். நின்றது உங்களுக்குத் தெரியவேண்டும் என்றால் டவர் வேண்டும். மூடிய கார் வெயிலில் பத்தே நிமிடத்தில் ஏறக்குறைய 10 டிகிரி சூடேறும். குழந்தையின் உடம்பு பெரியவர்கள் உடம்பைவிட மிக வேகமாகச் சூடாகும். பில் போடுகிற இடத்தில் நாலு பேர் முன்னால் நின்றாலே பத்து நிமிடம் இருபதாகிவிடும். குழந்தை எழுந்தால் எழட்டும், தூக்கிக்கொண்டு போங்கள். நடக்க முடியாத பெரியவர்களைக் காரில் உட்காரவைத்தாலும் கூட ஒருவர் இருக்க வேண்டும்.

சாவி வீட்டுக்குள் இருக்கும்போதே திருடர்கள் காரைத் திறந்துவிடுவார்களாமே?
– வணிகர், திருவாரூர்

முடியும். ஒருவன் உங்கள் வாசலில் ஒரு கருவியோடு, இன்னொருவன் கார் பக்கத்தில் ஒரு கருவியோடு நின்று, சாவிக்கும் காருக்கும் நடக்கும் பேச்சைத் தூரத்துக்குக் கடத்துவார்கள். சாவி பக்கத்தில் இருப்பதாகக் கார் நம்பிவிடும். அசையாமல் இருந்தால் தூங்கிவிடுகிற சாவிகளும் இப்போது வருகின்றன. உங்களுடையது அப்படி இல்லை என்றால் சாவியை இறுக்கமாக மூடும் எவர்சில்வர் டப்பாவில் போட்டு, டப்பாவோடு கார் அருகே போய்க் கைப்பிடியைத் தொட்டுப் பாருங்கள். திறக்கவில்லை என்றால் அந்த டப்பாவே போதும். திறந்தால் இதற்கென்றே விற்கும் உறை வாங்குங்கள்.

கடற்கரைக்குப் பக்கத்தில் வீடு. ரிமோட் அடிக்கடி மக்கர் செய்கிறது. இனி போனை மட்டும் சாவியாக வைத்துக்கொள்ளலாம் என்கிறான் மகன்.
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வேதாரண்யம்

ரிமோட்டைத் திறந்து செல் உட்காரும் தகட்டைப் பாருங்கள் ஐயா. பச்சையாகப் பூத்திருந்தால் உப்புக்காற்றின் வேலை. செல்லை எடுத்துவிட்டு, காய்ந்த பழைய பல் துலக்கும் பிரஷால் மெதுவாகத் தேய்த்துத் துடையுங்கள். புதுச் செல்லைத் துணியால் பிடித்துப் போடுங்கள், விரல் ஈரமும் உப்பும் அதில் ஒட்ட வேண்டாம். வாய்க்காலில் விழுந்து நனைந்தாலும் முதல் வேலை செல்லைக் கழற்றுவதுதான். பிறகு நிழலில் நன்றாகக் காயவிட வேண்டும், அடுப்புப் பக்கம் வைக்கக் கூடாது.

மகன் சொல்வதை உங்கள் ஊருக்கு நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2018 நவம்பர் 16 அன்று கஜா கரையேறியது நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில். அதன் பிறகு கரண்ட் இல்லை, டவர் இல்லை, போனில் சார்ஜ் இல்லை என்று எத்தனை நாள் இருந்தீர்கள் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். செல் தீர்ந்த ரிமோட்டைக்கூட, கையேடு காட்டுகிற இடத்தில் ஒட்டி வைத்தால் பெரும்பாலான கார்கள் கிளம்பும். செத்த போனால் அது முடியாது. போன் சாவி கூடுதல் வசதியாக இருக்கட்டும். இரண்டாவது ரிமோட்டை, உள்ளே இரும்புச் சாவியோடு, ஈரம் புகாத டப்பாவில் போட்டு வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் காரை முழுச் சார்ஜில் மேட்டில் நிறுத்திவிட்டு, அந்தச் சாவியையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.