பூஜ்யம் போட்ட தம்பிக்கு

அன்புள்ள அக்கா,

கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிறேன். பள்ளி நாட்களிலிருந்தே ஒரே ஒரு கேமின் தீவிர ரசிகன். எந்த கேம் என்று சொன்னால் அடுத்த நிமிடமே சண்டை வரும், அதனால் வேண்டாம். அதன் ரசிகர் குழுவை நடத்துபவர்களில் நானும் ஒருவன். உண்மையைச் சொன்னால் எனக்கு இருக்கும் நண்பர்கள் எல்லோருமே அங்கேதான். போன மாதம் அந்த கேமின் நாயகனுக்குக் குரல் கொடுத்தவர் ஒரு பெரிய சர்ச்சையில் மாட்டிக்கொண்டார். குழு இரண்டாகப் பிளந்துவிட்டது. என் மோசமான நாட்களில் எனக்குத் துணையாக இருந்த குரல் அது. இனி நான் அந்த கேமை ஆடலாமா? கலையையும் கலைஞனையும் பிரித்துப் பார்ப்பது சரியா?

இன்னொன்று. கேம்களைக் கலை என்று நீங்கள் ஒப்புக்கொள்கிறீர்களா? அந்த மரியாதைக்காகத்தான் நாங்கள் இவ்வளவு போராடுகிறோம். போன வருடம் எங்கள் கேமுக்குப் போட்டியாக வந்த இன்னொரு கேம் வெளியான அன்றே குழுவில் அத்தனை பேரும் சேர்ந்து பூஜ்யம் போட்டு அதன் ஸ்கோரைத் தரைமட்டமாக்கினோம். நான் அதை விளையாடவில்லை, ஆனால் கதையை முழுசாக யூட்யூபில் தெரிந்துகொண்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

அன்புடன்,
(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

முதல் கேள்வியைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். ஆடுங்கள். அந்தக் குரலைக் கேட்டால் வயிற்றைப் புரட்டுகிறது என்றால் ஆடாதீர்கள். இதற்கு என் அனுமதி எதற்கு? ஒரு பெரிய கேமில் நூற்றுக்கணக்கானவர்கள் வேலை செய்கிறார்கள். முடிவில் ஓடும் பெயர்ப் பட்டியலை ஒரு தடவையாவது ஸ்கிப் செய்யாமல் பாருங்கள். காலடிச் சத்தத்துக்காகவே ராப்பகலாக உட்கார்ந்திருந்த யாரோ ஒருவருடைய பெயரும் அதில் போகும். அவர் என்ன பாவம் செய்தார்?

உங்கள் குரல்காரர் இன்னும் சில நாளில் வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்தில் ஒரு மன்னிப்பை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடுவார். ‘நான் இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறேன்’ என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். வக்கீல் வாசனை அடிக்கும். அவர் செய்தது குற்றம் என்றால் பாதிக்கப்பட்டவர் பக்கம் நில்லுங்கள், மிச்சத்தைக் கோர்ட் பார்த்துக்கொள்ளும். வெறும் அற்பத்தனம் என்றால் அதைப் பற்றி உங்களுக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

கேம் கலையா என்பதற்கெல்லாம் பதில் சொல்ல எனக்குச் சலிப்பாக இருக்கிறது. அடுத்து.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து உட்காரவைத்தது கடைசிப் பத்திதான். ‘நான் அதை விளையாடவில்லை, ஆனால்.’ கொஞ்ச காலமாகவே இதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். கேம் உலகத்தின் பெரிய சண்டைகளை எடுத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் ஆடாதவர்கள் போட்ட சண்டை. வெளியே வராத கேமுக்காக அடித்துக்கொள்கிறார்கள். வந்ததும் வராததுமாக அடித்துக்கொள்கிறார்கள். கன்ட்ரோலரைக் கையில் எடுத்தவன்தான் அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு இருக்கிறான், ஏனென்றால் அவன் ஆடிக்கொண்டிருக்கிறான்.

‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ இரண்டாம் பாகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 ஜூன் 19 அன்று வந்தது. ஏப்ரல் கடைசியிலேயே அதன் காட்சிகள் கசிந்துவிட்டன. முதல் பாகத்தில் நாம் உருகி உருகி ஆடிய ஜோயலை அபி என்ற புதிய பெண் அடித்தே கொல்கிறாள் என்று உலகத்துக்கே தெரிந்துபோயிற்று. வெளியான அன்றே ரசிகர்கள், கேம்களுக்கு விமர்சகர்களும் ரசிகர்களும் போடும் மார்க்குகளைத் திரட்டும் மெட்டாக்ரிட்டிக் தளத்தில் குவித்த பூஜ்யங்களில் ஸ்கோர் 10-க்கு 4-க்கும் கீழே போனது. விமர்சகர்களின் சராசரியோ 100-க்கு 93. எது சரி என்பது வேறு விஷயம். எனக்கே அந்த கேம் முழுசாகப் பிடிக்காது, நடுவில் இழுவை. ஆனால் அதை ஆடி முடிக்க சுமார் 25 மணி நேரம் ஆகும், தம்பி. ஒரே நாளில் எப்படி முடித்தார்கள்? ஒருவேளை எல்லோரும் உங்களைப் போல யூட்யூப் பட்டதாரிகளோ என்னவோ.

அந்த கேமில் கிட்டத்தட்ட பாதி நேரம் நீங்கள்தான் அபி. யாரைக் கொல்ல வேண்டும் என்று ஜோயல் மகளாகவே நினைத்த எல்லியாக இருந்து பல்லைக் கடித்துக்கொண்டு வந்தீர்களோ, அவளுடைய கைகால்களை உங்களிடம் கொடுத்துவிடுகிறார்கள். எல்லியாக இருந்தபோது பாய்ந்து வந்த ஒரு நாயைப் பொத்தானை அழுத்திக் குத்திக் கொன்றிருப்பீர்கள். அதைப் பெரிதாக நினைத்துக்கூட இருக்க மாட்டீர்கள், கேமில் எத்தனையோ நாய். பிறகு காலம் பின்னால் போகிறது. அபியாக இருக்கும்போது அதே நாய் வாலை ஆட்டிக்கொண்டு வந்து நிற்கிறது. அதன் பெயர் ஆலிஸ். அதோடு கொஞ்சி விளையாட வேண்டி வருகிறது. எனக்கு அந்த இடத்தில் கை நின்றுவிட்டது. எந்தப் பொத்தானை அழுத்தினோம் என்பதுகூட விரலுக்கு ஞாபகம் இருந்தது. யூட்யூபில் பார்த்தவருக்கு இது வெறும் தகவல், ‘நாய் சாகிறது’ என்ற ஒரு வரி. அழுத்தியது உங்கள் விரல் இல்லையே. கேம் செய்கிற முக்கியமான காரியத்தையே விட்டுவிட்டு அதற்கு மார்க் போட்டிருக்கிறீர்கள்.

(கேம் கலையா என்று கேட்டீர்களே, பதில் வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.)

அபிக்குக் குரல் கொடுத்து நடித்தவர் லாரா பெய்லி. அவருக்குக் கொலை மிரட்டல்கள் போயின. அவருடைய சின்னப் பிள்ளையைக்கூட விடவில்லை. நாடகத்தில் துச்சாதனன் வேஷம் கட்டியவரை மறுநாள் வழிமறித்து ‘பாஞ்சாலி சேலையை எப்படி இழுக்கலாம்?’ என்று கழுத்தைப் பிடிப்பது மாதிரி இது. அந்தக் கதையை எழுதியவர் அவர் இல்லை. அவருடைய வேலை பேசுவது, பேசினார்.

அடுத்த மாதமே மெட்டாக்ரிட்டிக் ஒரு விதி கொண்டுவந்தது. கேம் வெளியாகி 36 மணி நேரம் கழித்துத்தான் ரசிகர்கள் ஸ்கோர் போட முடியும். எனக்கு அதைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. வளர்ந்த மனிதர்களை ‘கொஞ்சம் ஆடிவிட்டு வாருங்கள், கண்ணுகளா’ என்று வாசலில் உட்காரவைத்த விதி அது. அந்த 36 மணி நேரத்தில் எத்தனை பேர் ஆடியிருப்பார்கள், எத்தனை பேர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பார்கள்?

இதைவிடக் கேவலமான ஒன்றைச் சொல்கிறேன். அதே 2020 டிசம்பர். ‘சைபர்பங்க் 2077’ 10-ஆம் தேதி வரவேண்டும். மூன்று நாள் முன்பே ரிவ்யூக்கள் வெளியாயின. ஒரு பெண் விமர்சகர், வலிப்பு நோய் உள்ளவர், கேமில் ஓர் இடத்தில் விளக்குகள் வெட்டி வெட்டி எரிவதையும் அதனால் தனக்கு வலிப்பு வந்ததையும் சொல்லி, தன்னைப் போன்றவர்கள் எச்சரிக்கையாக இருக்கும்படி எழுதினார். ரசிகசிகாமணிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? வலிப்பை வரவழைக்கும்படி வெட்டி வெட்டி மின்னும் வீடியோக்களைத் தேடிப் பிடித்து அவருக்கே அனுப்பினார்கள். அப்போது கேம் கடைக்கே வரவில்லை. அனுப்பியவர்களில் ஒருவன்கூட அதை ஒரு நிமிடம் ஆடியிருக்க வழியில்லை. டிரெய்லரைக் காதலித்தவர்கள், அவ்வளவுதான். கேம் வந்தது. பழைய கன்சோல்களில் அது நொண்டிய நொண்டல் ஊர் அறிந்தது. 18-ஆம் தேதி சோனி தன் ஆன்லைன் கடையிலிருந்தே அதைத் தூக்கிவிட்டது. நேற்றுவரை அதற்காக உயிரைக் கொடுக்கத் தயாராக இருந்தவர்கள் அப்புறம் அதைச் செய்தவர்களின் உயிரை வாங்கக் கிளம்பினார்கள். விமர்சகர் சொன்னதோ சரிதான். கம்பெனியே அந்தக் காட்சியை மாற்றியது.

உடனே ‘அப்படியானால் ரசிகன் கோபப்படவே கூடாதா?’ என்பீர்கள். நன்றாகப் படுங்கள். 2012-இல் ‘மாஸ் எஃபெக்ட் 3’ வந்தபோது கோபப்பட்டார்களே, அது கோபம். மூன்று கேம், பல வருடம், ஒவ்வொரு முடிவும் கதையை மாற்றும் என்று சொல்லிச் சொல்லி ஆடவைத்துவிட்டு, கடைசியில் சிவப்பு, நீலம், பச்சை என்று நிறம் மட்டும் மாறும் மூன்று முடிவுகளை நீட்டினார்கள். ரசிகர்கள் காசு திரட்டி அந்த ஸ்டுடியோவுக்கு 400-க்கும் மேற்பட்ட கப்கேக்குகளை அனுப்பினார்கள். மேலே சிவப்பு, நீலம், பச்சை கிரீம். உள்ளே எல்லாம் ஒரே ருசி! இதைவிடக் கூர்மையான விமர்சனத்தை நான் எந்தப் பத்திரிகையிலும் படித்ததில்லை. இன்னொரு பக்கம் அதே கோபத்தை வைத்து நோயுற்ற குழந்தைகளுக்கான ஒரு தொண்டு நிறுவனத்துக்குச் சுமார் 80,000 டாலர் திரட்டிக் கொடுத்தார்கள். ஸ்டுடியோ கேக்குகளை இளைஞர் காப்பகத்துக்குக் கொடுத்துவிட்டு, ஜூனில் முடிவை விரித்து இலவசமாக வெளியிட்டது. அவர்கள் மத்தியிலும் அசிங்கமாகப் பேசியவர்கள் இருந்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த கேக்கை யோசித்தவர் கடைசிக் காட்சிவரை ஆடியவர். ஆடாதவருக்கு அந்த நக்கல் வராது, அவருக்கு வருவது பூஜ்யம்தான்.

உங்கள் குரல்காரர் விஷயத்துக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கேள்வியை மறந்துவிட்டேன் என்பீர்கள். 2022 அக்டோபரில் ‘பெயோனெட்டா 3’ வருவதற்குச் சில நாள் முன்பு, முதல் இரண்டு பாகங்களில் நாயகிக்குக் குரல் கொடுத்த ஹெலினா டெய்லர், தனக்கு மொத்தமே 4,000 டாலர்தான் தருவதாகச் சொன்னார்கள், கேமைப் புறக்கணியுங்கள் என்று வீடியோ போட்டார். இணையமே பொங்கியது. அந்த வேலையை ஏற்றுக்கொண்ட ஜெனிஃபர் ஹேலை (மாஸ் எஃபெக்டில் நாயகி ஷெப்பர்டின் குரல் இவர்தான்) கிழித்துத் தொங்கவிட்டார்கள். ஒப்பந்தப்படி அவர் வாய் திறக்கவும் முடியாது. பத்து நாளுக்குள் கதை மாறியது. முதலில் 10,000, பிறகு கூடுதலாக 5,000 தருவதாகச் சொன்னது உண்மைதான், 4,000 என்பது கடைசியில் ஒரு சிறு வேஷத்துக்காகக் கேட்டது என்று டெய்லரே எழுதினார். குரல் நடிகர்களுக்குக் கூலி குறைவு என்பது நியாயமான வழக்கு. அது நடுவில் எங்கேயோ தொலைந்துபோனது. ஹேலைத் திட்டியவர்கள் அடுத்த சண்டைக்குப் போய்விட்டார்கள். அதனால்தான் சொல்கிறேன், உங்கள் குழு எந்தப் பக்கமாகப் பிளந்தாலும் நீங்கள் பதினைந்து நாள் சும்மா இருங்கள். ஒன்றும் குடிமுழுகிப்போகாது.

எனக்கும் கோபம் வரும். சின்ன வயதில் அண்ணனும் நானும் ‘கான்ட்ரா’ ஆடுவோம். மூன்றாவது கட்டத்தில் ஓர் அருவி. மேலே தாவித் தாவி ஏற வேண்டும், திரையும் கூடவே ஏறும். ஒருவர் அவசரப்பட்டு முன்னால் ஏறிவிட்டால் கீழே நிற்பவர் திரைக்கு வெளியே போய்ச் செத்துப்போவார். அண்ணன் அவசரக்காரன். ஒவ்வொரு தடவையும் நான்தான் சாவேன், எதிரி யாரும் சுடாமலேயே. அதோடு போகாது. அவனுடைய லைஃப் தீர்ந்துவிட்டால் என்னுடையதில் ஒன்றை எடுத்துக்கொள்ள அந்த கேம் விடும். அவன் கேட்கவே மாட்டான், எடுத்துவிடுவான். முதுகில் குத்துவேன், கிள்ளுவேன், கன்ட்ரோலர் ஒயரைப் பிடுங்கி எறிவேன். இனி உன்னோடு ஆடவே மாட்டேன் என்று சத்தியம் செய்வேன். அரை மணி நேரத்தில் ‘வாடி, இந்தத் தடவை மெதுவா ஏர்றேன்’ என்பான். மெதுவாக ஏற மாட்டான். ஆனாலும் போவேன். இரண்டு பேர் இல்லாமல் அந்த அருவி சுவைக்காது.

உங்கள் நண்பர்கள் எல்லோரும் அந்தக் குழுவில்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைக் கிண்டல் செய்ய எனக்கு மனம் வரவில்லை. கிடைத்த இடத்தில்தான் மனிதர்கள் கிடைப்பார்கள். குழுவை விட்டு வெளியே வாருங்கள் என்றெல்லாம் உபதேசம் செய்ய மாட்டேன். ஒன்று மட்டும் கேட்கிறேன்: அந்த நண்பர்களோடு சேர்ந்து நீங்கள் கடைசியாக எப்போது ஆடினீர்கள்? சர்ச்சை, ஸ்கோர், எதிர்க்கோஷ்டி இதெல்லாம் இல்லாமல், உங்களுக்குப் பிடித்த அந்த கேமை, ஒரு ராத்திரி முழுக்க? கடிதத்தில் அப்படி ஒரு ராத்திரியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மரியாதைக்காகப் போராடுகிறோம் என்கிறீர்கள். யாரோ ஒரு ஸ்டுடியோவின் மூன்று வருட உழைப்புக்கு மதியத்துக்குள் பூஜ்யம் போட்டால் அந்த மரியாதை வந்துவிடுமா? எனக்கு அதில் பெருமை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை, கொஞ்சம் எரிச்சல்தான் வருகிறது.

சரி, ஒரு வேலை கொடுக்கிறேன். நீங்கள் பூஜ்யம் போட்ட அந்தக் கேமைத் தள்ளுபடியில் வரும்போது வாங்குங்கள். கடைசிவரை ஆடுங்கள். முடித்த பிறகும் குப்பை என்றே தோன்றினால் திட்டி எழுதி எனக்கு அனுப்புங்கள். எந்தக் கட்டத்தில், எந்த இடத்தில், எது ஏன் சொதப்பல் என்று இருக்க வேண்டும். கப்கேக் அளவுக்கு நக்கல் இருந்தால் ரொம்ப நல்லது. ஒரு வார்த்தை வெட்டாமல் இங்கேயே போடுகிறேன்.

அன்புடன்,
அக்கா