ஓடும் வேனில் துணிக்கூரை தானாக விரிவது ஏன்?

கேள்வி: பண்டாரவளையில் வசிக்கும் நான், எனது டொயோட்டா ஹயஸ் வேனில் படுக்கையும் சமையல் மேடையும் அமைத்து உல்லாசப் பயணிகளை ஏற்றி வருகிறேன். வேனின் இடப்பக்கக் கூரை விளிம்பில், ஓனிங் என்று கடைக்காரர்கள் சொல்லும் சுருட்டுத் துணிக்கூரை ஒன்றைப் பொருத்தியிருக்கிறேன். பாவித்த நிலையில் வாங்கியது. 3 மீற்றர் நீளம். அலுமினியப் பெட்டிக்குள் அடங்கி, கைச்சுழற்றியால் திறந்து மூடும் வகை. இறம்பொடை வளைவுகளில் இறங்கும்போது அது ஒரு சாண் அளவு தானாக வெளியே வந்துவிட்டது. பின்னர் பெரகலையிலிருந்து ஹப்புத்தளைக்கு ஏறும்போதும் அவ்வாறே நேர்ந்தது. இரண்டு தடவையும் வேகம் மணிக்கு 40 கிலோமீற்றரைத் தாண்டவில்லை. நைலோன் கயிற்றால் சுற்றிக் கட்டினால் போதுமா?

பதில்: போதாது. கட்டத்தான் வேண்டும், ஆனால் நைலோன் கயிற்றால் அல்ல, கட்டுவதற்கு முன் செய்ய வேண்டியவையும் சில உள்ளன.

காற்றுத்தான் துணிக்கூரையைப் பிடுங்கி இழுத்தது என்று நீங்கள் எண்ணுவது இயல்பு. உண்மையில் காற்று இரண்டாவதாக வந்த குற்றவாளி. பெட்டிக்குள் மடிந்து கிடக்கும் இரண்டு கைகளிலும் ஸ்பிரிங் உண்டு. விரித்த துணியைத் தொய்யாமல் வைத்திருப்பதற்காக அவை துணியின் முன்விளிம்பைத் தாங்கும் முன்சட்டத்தை எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும், மூடியிருக்கும்போதும் அந்தத் தள்ளல் ஓய்வதில்லை. அதற்கு எதிராக முன்சட்டத்தைப் பிடித்திருப்பது உருளையில் சுற்றப்பட்ட துணியும், அந்த உருளையைத் திரும்பிச் சுழலவிடாமல் தடுக்கும் முனைப் பற்சக்கரப் பெட்டியும் மாத்திரமே. பற்சக்கரம் புதிதாக இருக்கும்வரை கைச்சுழற்றியால் உருளையைச் சுழற்றலாமே தவிர, உருளையால் பற்சக்கரத்தைப் பின்னோக்கிச் சுழற்ற முடியாது. பற்கள் தேய்ந்த பழைய பெட்டியிலோ ஒவ்வொரு குழியிலும் ஒவ்வொரு வளைவிலும் ஏற்படும் அதிர்வில் அது மயிரிழை மயிரிழையாகப் பின்வாங்கும். விரல் நுழையும் அளவு இடைவெளி உண்டான பிறகுதான் காற்றுக்கு உள்ளே வேலை கிடைக்கிறது.

40 கிலோமீற்றருக்கு மேல் ஓட்டவில்லை என்கிறீர்கள். காற்று தரும் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். எதிரே 40 கிலோமீற்றர் வேகத்தில் காற்று வீசினால், துணிக்கூரையைப் பொறுத்தவரை நீங்கள் 80இல் ஓடுகிறீர்கள். அழுத்தம் இரு மடங்கல்ல, நான்கு மடங்கு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று ஹப்புத்தளை முகட்டில் எப்படி அறைகிறது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எனவே முதலில் பார்க்க வேண்டியது, முன்சட்டம் பெட்டியின் வாயில் இரு முனைகளிலும் ஒரே சீராக, ஒளி புகாதபடி பொருந்துகிறதா என்பதாகும். வேனைச் சமதரையில் நிறுத்தி, இருட்டிய பின் ஒருவர் ஏணியில் நின்று கூரைப் பக்கமாக டோர்ச் அடிக்க, மற்றவர் கீழிருந்து நீளம் முழுவதையும் பாருங்கள். ஒரு முனையில் மாத்திரம் வெளிச்சம் தெரிந்தால் துணி கோணலாகச் சுருண்டிருக்கிறது என்று பொருள். மலைநாட்டில் இதற்கு மிகச் சாதாரணமான காரணம் ஈரம்தான். மூடுபனியிலோ தூறலிலோ நனைந்த துணியை அவசரமாகச் சுருட்டும்போது மடிப்புகள் விழுந்து, உருளையின் ஒரு பக்கம் பருத்துவிடுகிறது. அந்தப் பக்கத்துக் கை முழுதாக மடியாது. அப்போது பலர் கைச்சுழற்றியை இன்னும் இரண்டு சுற்று பலமாகத் திருகுகிறார்கள். அது பூட்டை இறுக்குவதில்லை, பல்லை உடைக்கிறது. முன்சட்டம் பொருந்தியதும் கையில் தெளிவாகத் தட்டுப்படும் தடையோடு நிறுத்திவிட வேண்டும். பொருந்தவில்லையானால் மறுபடி முழுவதும் விரித்து, துணியின் நடுப்பகுதியைக் கீழிருந்து உள்ளங்கையால் மெல்லத் தாங்கியபடி ஒருவர் நிற்க, மற்றவர் நிதானமாகச் சுருட்ட வேண்டும். மழை விடாத நாளில் ஈரத்தோடு சுருட்டுவதைத் தவிர்க்க முடியாதுதான். ஆனால் அடுத்த வெயிலிலேயே விரித்து உலர்த்திவிடுங்கள், பூஞ்சணமும் பிடிக்காது.

இன்னொரு தவறும் உண்டு. விரிக்கும்போது கைகள் முழுதாக நீண்ட பின்னும் சுழற்றிக்கொண்டே போனால் துணி தொய்ந்து, பிறகு உருளையில் எதிர்ப்புறமாகச் சுற்றத் தொடங்கும். மூடிய நிலையில் துணி வழக்கத்துக்கு மாறாக உருளையின் மறுபக்கத்திலிருந்து வருவதாகத் தெரிந்தால் இதுவே நடந்திருக்கிறது. அந்த நிலையில் முன்சட்டம் ஒருபோதும் சரியாக அமராது. பாவித்த பொருள் என்பதால், முன்னைய உரிமையாளரின் கைவண்ணம் இதில் இருக்கக்கூடும்.

பெட்டியைத் தாங்கும் பிடிகளையும் இழுத்துப் பாருங்கள். ஏறக்குறைய 20 கிலோகிராம் பாரத்தை வெறும் கூரைத் தகட்டில் திருகாணியால் பிடித்துவிட்டால், சில மாதங்களில் துளை அகன்று, பெட்டியே வளைந்து, முன்சட்டத்தின் பொருத்தம் கெடும். தகட்டின் உட்புறத்தில் அகலமான இரும்புப் பட்டை வைத்து, நைலோன் வளையம் உள்ள நட்டுகளால் மூன்று இடங்களில் இறுக்குவதே முறை. இறுக்கிய பின் நட்டின் மீதும் அதை ஒட்டிய பிடியின் மீதும் ஒரே கோடாக வர்ணம் தீட்டுங்கள். கோடு உடைந்திருந்தால் நட்டு அசைந்திருக்கிறது. சாவி இல்லாமலே ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

இவை சீரான பின்னரே இரண்டாவது பூட்டு. நைலோன் நனைந்தால் நீளும் என்பதால், காலையில் இறுக்கிய முடிச்சு கந்தப்பளை மழையில் தளர்ந்துவிடும். லொறிகளில் சாமான் கட்டப் பயன்படும், இறுக்கும் பிடியுடன் கூடிய பொலியஸ்டர் பட்டிகள் இரண்டை வாங்குங்கள். அவை ஈரத்தில் அவ்வளவாக நீளாது. பெட்டியின் இரு முனைகளிலிருந்தும் ஏறத்தாழ அரை மீற்றர் உள்ளே தள்ளி, முன்சட்டத்தையும் பெட்டியையும் சேர்த்துச் சுற்றி, தாங்கு பிடியில் பொருத்திய துருப்பிடிக்காத வளையத்தில் பட்டி முடிய வேண்டும். கதவுகளின் ஊடாக உள்ளே கொண்டுபோய்க் கட்டினால் மழைநீர் பட்டி வழியே படுக்கைக்கு வந்து சேரும். பட்டியில் ஒரு முறுக்கு விட்டுக் கட்டினால் ஓட்டத்தில் படபடத்து இரையாது. அலுமினியம் நசுங்கும் அளவுக்கு இறுக்க வேண்டாம். சிலர் பிளாஸ்டிக் கட்டுநாடாவால் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள்; அது முத்திரையாக உதவுமே தவிரப் பூட்டாக உதவாது.

இவற்றுக்குப் பிறகும் புறப்பட்ட 10, 15 கிலோமீற்றரில் ஒரு தடவை நிறுத்தி இறங்கிப் பாருங்கள். கொழுந்து லொறி ஓட்டிய பழைய சாரதிகள் எவரும் படங்கின் முதற்கட்டை நம்பியதில்லை; முதல் தேத்தண்ணிக் கடையில் இறங்கிச் சுற்றிவந்து மீண்டும் இறுக்கிய பின்புதான் குவளையைத் தொடுவார்கள். பாரம் சிறிது குலுங்கி அமர்ந்த பிறகு போடும் கட்டே உண்மையான கட்டு. நம் வீதிகளில் இடப்பக்கம் என்பது தோட்டத்துப் பெண்களும் பாடசாலைப் பிள்ளைகளும் வரிசையாக நடக்கும் ஓரம் என்பதால், இந்தச் சோதனையில் கஞ்சத்தனம் வேண்டாம்.

ஓடும்போது மறுபடி திறந்துகொண்டால் சடுதியாகப் பிரேக் பிடிக்காமல், அபாய விளக்குகளைப் போட்டு, வேகத்தை மெல்லக் குறைத்து, வளைவு கடந்த அகலமான இடத்தில் நிறுத்துங்கள். இறங்கியவுடன் முன்சட்டத்தின் எதிரே போய் நிற்காதீர்கள். ஸ்பிரிங் கை விசையோடு விரிந்தால் எலும்பு முறியும். இருவர் இரு முனைகளிலிருந்தும் பக்கவாட்டில் நின்று ஒரே நேரத்தில் உள்ளே தள்ள, மூன்றாமவர் சுழற்றிச் சுருட்டட்டும். சுருளாவிட்டால் கைகளை மடித்த நிலையிலேயே பட்டியால் கட்டி மெதுவாக வீடு வந்து சேருங்கள். வீதியோரத்தில் கையின் ஆணிகளைக் கழற்றும் எண்ணம் மாத்திரம் வேண்டாம்.

உங்கள் துணிக்கூரை ஒரே மாதிரியாக இரண்டு தடவை திறந்திருப்பதால், பற்சக்கரப் பெட்டி தேய்ந்துவிட்டது என்பதே என் வலுவான ஐயம். சோதிப்பது எளிது: முழுதாக மூடி, பட்டி கட்டாமல், கைச்சுழற்றி மாட்டும் வளையத்தின் நிலையைக் குறித்துக்கொண்டு, ஆள் நடமாட்டம் இல்லாத தோட்டத்துப் பாதையில் நடை வேகத்தில் ஒரு கிலோமீற்றர் குலுங்க ஓட்டுங்கள், கூடவே ஒருவர் நடந்து வந்து பார்க்கட்டும். வளையம் கால் சுற்றேனும் திரும்பியிருந்தால் பற்சக்கரப் பெட்டியை மாற்றியே ஆக வேண்டும். அதே மாதிரிக்குரிய பெட்டி கிடைக்கும்வரை துணிக்கூரையைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, பயணிகளுக்கு நிழல் வேண்டிய இடத்தில் சாதாரணப் படங்கு ஒன்றை இரு கழிகளில் கட்டிக்கொள்ளுங்கள்.