சாஞ்சித் தோரணத்தில் புத்தர் எங்கே?

மத்தியப் பிரதேசத்தின் சாஞ்சியில், பெரிய தூபி என்னும் பௌத்த நினைவுக் குவிமாடத்தின் கல்வாசல்களான தோரணங்களின் படங்கள் முழுக்கத் தேடியும் புத்தரின் உருவம் ஒன்றுகூட அகப்படவில்லை என்று எழுதியிருந்தீர்கள். கிழக்குத் தோரணத்தின் நடு உத்தரத்தை, அதாவது நடுக் குறுக்குக் கல்லை, படத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். ஆளில்லாத குதிரையின் மேல் குடை பிடித்திருக்கிறார்கள் அல்லவா? அந்த வெற்றிடம்தான் அரண்மனையை விட்டுப் புறப்படும் சித்தார்த்தர். தோரணங்களில் அவருடைய மனித உருவம் அகப்படாது.

காரணம் பெரும்பாலும் காலம்தான். பெரிய தூபியின் தோரணங்கள் ஏறக்குறைய கி.மு. 1ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தவை. வட இந்தியாவின் மதுராவிலும் வடமேற்கே காந்தாரத்திலும் புத்தரை மனித உருவில் செதுக்கும் வழக்கம் அதற்குப் பிறகே பரவியது.

சரிபார்க்க ஒரு வழி: அதே உத்தரத்தின் வலக்கோடிக்குப் போங்கள். குடை இப்போது குதிரையை விட்டுவிட்டு இரண்டு பாதச்சுவடுகளின் மேல் நிற்கும். கீழே, திரும்பி வரும் குதிரைக்குக் குடை கிடையாது. எனக்கு அந்த வெறும் முதுகுக் குதிரையைத்தான் அதிகம் பிடிக்கும்.

வெற்றிடமும் பாதச்சுவடும் போல, மரமும் புத்தரைக் குறிக்கும் சின்னமாக வரும். ஆனால் மரம் கண்ட இடமெல்லாம் கௌதமர் என்று எண்ணிவிடாதீர்கள். மரங்களும் தூபிகளும் ஏழாக வரிசைகட்டினால் கௌதமருக்கு முன் தோன்றியதாகப் பௌத்தர்கள் நம்பும் புத்தர்களும் அதில் சேர்த்தி. நுனி நீண்ட அரச இலைதான் கௌதமருடையது. வாசல்களுக்கு நேரே, தூபியை ஒட்டி அமர்ந்திருக்கும் புத்தர் சிலைகளோ பிற்பாடு, குப்தர் காலத்தில் வைத்தவை.