மொமென்டமா, முழு உலகமா?

கேள்வி: மும்பை செம்பூரில் இருக்கிறேன், வயது 34. மாதம் 20,000 ரூபாய் மிச்சம். பதினைந்து ஆண்டுகளுக்குத் தொட வேண்டியதில்லை. உலகப் பங்குகள் எல்லாவற்றையும் வைத்திருக்கும் ஓர் இண்டெக்ஸ் ஃபண்டில் போட்டு மறந்துவிட நினைத்தேன். அலுவலக நண்பரோ, "அது சோம்பேறிகளின் வழி, மொமென்டம் இ.டி.எஃப். வாங்கு" (அண்மையில் நன்றாக ஏறிய பங்குகளை மட்டும் வைத்திருக்கும், சந்தையில் பங்குபோலவே வாங்கி விற்கும் ஃபண்ட்) என்று சொல்லி, 2005 முதல் ஏறிக்கொண்டே போகும் ஒரு வரைபடத்தைக் காட்டுகிறார். எதை வாங்கலாம்?

பதில்: முதலில் அந்த வரைபடம். அத்தகைய இ.டி.எஃப். பின்பற்றும் நிஃப்டி 200 மொமென்டம் 30 குறியீட்டின் கணக்கு 2005 ஏப்ரலில் தொடங்குகிறது. குறியீடு அறிமுகமானது 2020-இல்தான். இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகளும் பின்னோக்கிப் போட்ட கணக்கு. தேர்வு முடிந்தபின் வினாத்தாளைப் பார்த்து எழுதிய விடைத்தாள் அது. மதிப்பெண் நன்றாகத்தான் இருக்கும்.

ஃபேக்டர் (மலிவு, வேகம் போன்ற ஒரு குணத்தை வைத்துப் பங்குகளைப் பொறுக்குவது) என்பதே பொய் என்று சொல்லமாட்டேன். சிறிய நிறுவனங்களும் மலிவான பங்குகளும் நீண்டகாலத்தில் கூடுதலாகத் தந்திருப்பதை பொருளாதார ஆய்வாளர்கள் யூஜீன் ஃபாமாவும் கென்னத் ஃபிரெஞ்சும் 1990-களின் தொடக்கத்தில் காட்டினார்கள். ஏறிய பங்கு சில மாதங்கள் மேலும் ஏறும் போக்கை, அதாவது மொமென்டத்தை, ஜெகதீஷ், டிட்மன் என்ற ஆய்வாளர்கள் 1993-இல் எழுதினார்கள். தொல்லை காத்திருப்பதில்தான். அமெரிக்காவில் மலிவுப் பங்குகள் 2007 முதல் 2020 வரை பெரும்பாலும் வளர்ச்சிப் பங்குகளுக்கு (வேகமாக வளரும் என்று நம்பி அதிக விலை கொடுக்கப்படுபவை) பின்னால்தான் நின்றன. பதின்மூன்று ஆண்டுகள்! உங்கள் மொத்தக் கெடுவே பதினைந்து. பத்தாம் ஆண்டிலும் தவணையை நிறுத்தாமல் இருப்பீர்களா? நானாக இருந்தால் நிறுத்தியிருப்பேன். மொமென்டம் வேறு விதமாக அடிக்கும். 2024 செப்டம்பர் உச்சத்திலிருந்து சில மாதங்களில் நிஃப்டி 50 சுமார் 15 சதவீதம் இறங்கியபோது, அந்தக் குறியீடு ஏறக்குறைய இரு மடங்கு இறங்கியது.

அதோடு, நண்பர் சொல்வது 30 இந்தியப் பங்குகள். நீங்கள் கேட்பது உலகம். தாதரில் நின்றுகொண்டு எந்த வண்டி வேகம் என்று கேட்குமுன், விராருக்கா தாணேக்கா என்று முடிவு செய்ய வேண்டாமா? உங்கள் சம்பளம், வருங்கால வைப்பு நிதி எல்லாம் ஏற்கெனவே இந்தியாவையே நம்பியிருக்கும். என் ஓட்டு உலகத்துக்குத்தான். கை அரித்தால் 2,000 ரூபாயை மொமென்டத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். பல உலக ஃபண்டுகள் பின்பற்றும், எம்.எஸ்.சி.ஐ. என்ற நிறுவனத்தின் வேர்ல்டு குறியீட்டில் வளர்ந்த நாடுகள் 23 மட்டுமே. இந்தியாவும் இல்லை, சீனாவும் இல்லை. ஏறக்குறைய 70 சதவீதம் அமெரிக்கா. வளரும் நாடுகளும் வேண்டுமென்றால் அதே நிறுவனத்தின் ஏ.சி.டபிள்யூ.ஐ. குறியீடு என்று கேட்க வேண்டும்.

இனி, நம் ஊரில் வாங்கும் பாடு. மியூச்சுவல் ஃபண்டுகள் வெளிநாட்டில் போடுவதற்கு மொத்தத் துறைக்கும் 700 கோடி டாலர்தான் உச்சவரம்பு, வெளிநாட்டு இ.டி.எஃப்.களில் போடத் தனியாக 100 கோடி டாலர். 2022-இல் இது நிரம்பியதிலிருந்து பல ஃபண்டுகள் கதவைத் திறந்து திறந்து மூடுகின்றன. புது யூனிட் உருவாக்க முடியாதபோது, சந்தையில் கிடைக்கும் வெளிநாட்டு இ.டி.எஃப். தன் உண்மை மதிப்பைவிட அதிக விலைக்குப் போகும். செலவு விகிதத்தில் (ஃபண்ட் ஆண்டுதோறும் பிடிக்கும் கட்டணம்) 0.1 சதவீதத்துக்கு மல்லுக்கட்டுகிறவர்கள், 100 ரூபாய்ச் சரக்கை 110 கொடுத்து வாங்கிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள். ஆர்டர் போடுமுன் அந்த நேரத்து என்.ஏ.வி.யோடு (ஒரு யூனிட்டின் உண்மை மதிப்பு) விலையை ஒப்பிடுங்கள். இடைவெளி பெரிதென்றால் அன்றைக்கு வாங்காதீர்கள்.

டாலராக அனுப்பி நேரடியாகவும் வாங்கலாம். ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் 20 சதவீதம் வரியாக முன்கூட்டிப் பிடிப்பார்கள். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் அமெரிக்காவில் பதிவான ஃபண்டில் 60,000 டாலருக்கு மேல் இருக்கும்போது நீங்கள் காலமானால், குடும்பத்தின் மேல் அந்நாட்டு எஸ்டேட் வரி (இறந்தவரின் சொத்துக்கான வரி) விழும்; 40 சதவீதம் வரைகூடப் போகும். அயர்லாந்தில் பதிவான உலக ஃபண்டுக்கு அந்த வம்பு இல்லை.

கேள்வி: விற்கும்போது மொமென்டம் இ.டி.எஃப்., உலக ஃபண்ட் இரண்டுக்கும் ஒரே வரிதானா? (தாராவி வாசகர்)

பதில்: இல்லை. இந்தியப் பங்கு இ.டி.எஃப். ஓராண்டுக்கு மேல் வைத்திருந்தால், நிதியாண்டில் 1.25 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட லாபத்துக்கு 12.5 சதவீதம், அதற்கு முன் விற்றால் 20. வெளிநாட்டு ஃபண்டுகளில் பணத்தைப் போடும் இந்திய ஃபண்ட் (ஃபண்ட் ஆஃப் ஃபண்ட்) என்றால் இரண்டு ஆண்டுக்கு மேல் 12.5; அந்த 1.25 லட்சம் சலுகை கிடையாது. மொமென்டம் பட்டியல் ஜூனிலும் டிசம்பரிலும் மாறும். இ.டி.எஃப். உள்ளே நடக்கும் அந்த மாற்றத்துக்கு உங்களுக்கு வரி வராது. பட்டியலைப் பார்த்து நீங்களே பங்குகளாக வாங்கி விற்றால், ஆறு மாத லாபத்துக்கெல்லாம் 20 சதவீதம் கட்ட வேண்டும்.