உழவர் சந்தையும் காய்கறிக் கூடையும்: டெல்டா வாசகர்களின் கேள்விகள், ஒரு படுகை விவசாயியின் பதில்கள்

முன்பு கமிஷன் மண்டியில் கணக்கு எழுதினேன். இப்போது கொள்ளிடப் படுகையில் கத்தரி, வெண்டை, புடலை போட்டு உழவர் சந்தையில் விற்கிறேன். எனக்குத் தெரிந்த வரைக்கும் பதில் சொல்கிறேன்.

தஞ்சாவூர் வாசகி: உழவர் சந்தையில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் விவசாயிகள்தானா, ஐயா? பாதிப் பேர் வியாபாரிகள் என்கிறார் என் கணவர்.

உங்கள் கணவரின் சந்தேகம் நியாயமானதுதான், அம்மா. நிலத்தைப் பார்த்துச் சான்று வாங்கிய பிறகுதான் விவசாயிக்கு அடையாள அட்டை தருகிறார்கள். அட்டை வாங்கியவர் வேறொருவரின் சரக்கை விற்கலாமா என்றால், கூடாது. அதையும் மீறி விற்பவர்கள் உண்டு.

கண்டுபிடிப்பது கடினமில்லை. சொந்த நிலத்துக் காயைக் கொண்டு வருபவரிடம் இரண்டு மூன்று வகைதான் இருக்கும். காய் ஒரே அளவாக இராது, கோணலும் குட்டையும் கலந்திருக்கும். சரக்கும் சீக்கிரம் தீர்ந்துவிடும். பத்து மணிக்கும் எட்டு வகைக் காய் குவிந்திருக்கிறது, எல்லாம் ஒரே அளவில் பளபளக்கிறது என்றால் அது மண்டியிலிருந்து வந்த சரக்கு. கேரட்டும் பீட்ரூட்டும் திருவையாற்றில் விளையவில்லை. மலைக் காய்கறிக்கென்று தனிக் கடை ஒதுக்குவது வழக்கம், அதைக் குறை சொல்ல வேண்டாம். வெண்டைக்காய்க்குப் பக்கத்தில் கேரட்டையும் வைத்துக்கொண்டு "எல்லாம் நம்ம தோட்டத்துக் காய்" என்பவரிடம் மட்டும் எந்த ஊர், எந்த வாய்க்கால் பாசனம் என்று கேட்டுப் பாருங்கள்.

எதுவானாலும் உள்ளே நுழைந்தவுடன் முதலில் விலைப் பலகையைப் பாருங்கள்.

திருச்சி, தென்னூர்: பலகையில் எழுதும் விலையை யார் முடிவு செய்கிறார்கள்?

சந்தை அலுவலர்கள் காலையில் மொத்த மார்க்கெட் விலையை விசாரித்து எழுதுகிறார்கள். மொத்த விலையை விடச் சுமார் 20 சதவீதம் கூடுதல், வெளிக் கடைகளின் சில்லறை விலையை விடச் சுமார் 15 சதவீதம் குறைவு என்பதுதான் அடிப்படை. 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் சந்தை திறந்ததிலிருந்து கணக்கு இதுதான். விவசாயிக்குக் கடை வாடகை இல்லை, தராசு இலவசம், தரகு இல்லை. மண்டியில் கணக்கு எழுதியவன் என்பதால் சொல்கிறேன், தரகும் சுமைக் கூலியும் கழிவும் போக விவசாயியின் கையில் நிற்பது எவ்வளவு என்று தெரிந்தால் பேரம் பேச உங்களுக்கு மனம் வராது.

கும்பகோணம் வாசகர்: எத்தனை மணிக்கு வந்தால் நல்ல காய் கிடைக்கும்?

ஆறரைக்குள் வாருங்கள். கீரை வேண்டுமென்றால் இன்னும் முன்னதாக.

பாபநாசம் வாசகி: கும்பகோணம் பக்கம் அகத்திக்கீரை எப்போதும் கிடைக்கிறது, மற்ற ஊர்களில் தேட வேண்டியிருக்கிறதே, ஏன்?

நல்ல கேள்வி. யாரும் கேட்பதில்லை. எல்லாம் வெற்றிலையால் வந்தது. கொடிக்காலில் வெற்றிலைக் கொடி ஏறுவதற்கு அகத்தியைத்தான் நடுகிறார்கள். அது நிழலும் தரும், கொம்பாகவும் நிற்கும். நிழல் அதிகமாகிவிடாமல் அவ்வப்போது கிளையைக் கழிக்க வேண்டும். கழித்த தழைதான் ஆட்டுக்கும் போகிறது, சந்தைக்கும் வருகிறது. 2025இல் கும்பகோணம் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எல்லோரும் வெற்றிலையைப் பற்றியே பேசினார்கள், தாங்கி நின்ற அகத்தியை யாரும் நினைக்கவில்லை. ஒரே ஓர் எச்சரிக்கை: கொடிக்காலுக்கு அடிக்கும் மருந்து அகத்தி மேலும் படும். மருந்து அடித்து எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டு வாங்குங்கள்.

மன்னார்குடி வாசகர்: ஓட்டை விழுந்த கத்தரிக்காயைத்தான் தேடி வாங்குகிறேன். புழு தின்றதென்றால் மருந்து அடிக்கவில்லை என்றுதானே பொருள்?

இல்லை, ஐயா. கத்தரியைத் துளைக்கும் புழு, அந்துப்பூச்சி இட்ட முட்டையிலிருந்து வருவது. பிஞ்சிலேயே ஊசி முனை அளவு துளை போட்டு உள்ளே போய்விடும், அந்தத் துளையும் மூடிக்கொள்ளும். அதற்குப் பிறகு மேலே எவ்வளவு மருந்து அடித்தாலும் உள்ளே இருக்கும் புழுவுக்குப் போய்ச் சேராது. நீங்கள் பார்க்கும் வட்ட ஓட்டை அது தின்று முடித்து வெளியேறிய வழி. எத்தனை முறை மருந்து அடித்தார்கள் என்பதை அந்த ஓட்டை சொல்லாது.

மீண்டும் மன்னார்குடி: என் தாத்தா காலத்திலிருந்து இப்படித்தான் வாங்குகிறோம். மருந்து அடித்திருந்தால் புழு எப்படி உயிரோடு இருக்கும்?

தாத்தா காலத்தில் இப்போது அடிக்கும் மருந்துகள் இல்லை, ஆகையால் அவர் கணக்கு அவருக்குச் சரியாக இருந்தது. இன்று நிலைமை தலைகீழ். புழு அதிகமான வயலில்தான் பயந்துபோய் அடுத்தடுத்து மருந்து அடிக்கிறார்கள். ஓட்டைக் காயில் மருந்து கூடுதலாக இருக்கவும் வாய்ப்புண்டு.

திருவாரூர் வாசகர்: இதற்குத்தானே மரபணு மாற்றிய பி.டி. கத்தரி வந்தது? நிறுத்தாமல் விட்டிருந்தால் மருந்தே தேவைப்பட்டிருக்காது.

அந்தக் கத்தரியை உருவாக்கியது இந்தப் புழுவுக்காகத்தான், அது உண்மை. 2010 பிப்ரவரியில் மத்திய அரசு அதை நிறுத்தி வைத்தது. புழுவோடு மருந்தும் தொலையும் என்பது அரைக் கணக்கு. கத்தரியில் அசுவினி வரும், வெள்ளை ஈ வரும், செஞ்சிலந்தி வரும், அவற்றுக்கெல்லாம் அது பதில் இல்லை. என் வயலில் புழு துளைத்து வாடிய நுனிக் குருத்தைப் பார்த்தவுடன் கிள்ளி எரித்துவிடுகிறேன், ஆண் அந்துப்பூச்சியை இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி வைக்கிறேன், வேப்பங்கொட்டைச் சாறு தெளிக்கிறேன். ஆள் வேலை அதிகம்தான். கிள்ளுவதற்கு ஆள் கிடைக்காததால் மருந்துக்குப் போனவர்களை நான் திட்டமாட்டேன்.

மயிலாடுதுறை வாசகி: அப்படியானால் நல்ல கத்தரியை எப்படித் தேர்ந்தெடுப்பது? சண்டையில் அதைச் சொல்லாமலே விட்டுவிட்டீர்களே!

நீங்கள் ஒருவர்தான் சமைக்கிறவர் போல் கேட்டீர்கள், அம்மா. காம்பை ஒட்டிய தொப்பி பச்சையாக, காயோடு இறுகி இருக்க வேண்டும். கையில் கனம் தெரிய வேண்டும். பெரிதாக இருந்தும் கனமில்லை என்றால் பழசு. மேல்தோல் மங்கி மஞ்சள் தட்டியிருந்தால் விதை முற்றிவிட்டது.

மூன்றாம் முறை மன்னார்குடி: இருந்தாலும் ஓட்டைக் காய்தான் ருசி.

சாப்பிடுங்கள், ஐயா. ஓட்டைக் கத்தரி இத்துடன் முடிந்தது. அதைப் பற்றி இன்னும் நான்கு கேள்விகள் வந்திருக்கின்றன, எதற்கும் பதில் இல்லை.

ஸ்ரீரங்கம் வாசகி: வாழைப்பழம் கல் வைத்துப் பழுத்ததா என்று எப்படி அறிவது? பழம் மஞ்சள், காம்பு பச்சை என்றால் கல்தானாமே?

அதை வைத்து முடிவு கட்ட முடியாது. எத்திலீன் வாயு அறையில் முறையாகப் பழுக்க வைத்த பழத்திலும் காம்பு பச்சையாக இருக்கும். எத்திலீனுக்கு அனுமதி உண்டு, உச்சவரம்பு 100 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் 100 பங்கு. கார்பைடு கல்லுக்குச் சட்டத்தில் தடை. அதில் கலந்திருக்கும் ஆர்சனிக்கும் பாஸ்பரஸும்தான் ஆபத்து. உங்கள் ஊரைச் சுற்றி இத்தனை வாழை இருக்கும்போது பழமாக ஏன் வாங்குகிறீர்கள்? முற்றிய காயாக ஒரு சீப்பு வாங்கி, வைக்கோல் போட்டு மூடி வையுங்கள். பூவனோ கற்பூரவல்லியோ தானாகப் பழுக்கும்.

லால்குடி வாசகர்: மாம்பழத்தில் கல் இருக்கிறதா என்று கண்டுபிடிப்பது எப்படி?

மேலே வாழைப்பழத்துக்குச் சொன்னதைப் படியுங்கள்.

நாகப்பட்டினம் வாசகர்: மாப்பிள்ளைச் சம்பா அரிசி எங்கே வாங்கலாம்? நல்ல மீன் எங்கே கிடைக்கும்?

அரிசிக்குத் திருத்துறைப்பூண்டி பக்கம் விசாரியுங்கள், நெல் ஜெயராமன் பாரம்பரிய நெல்லுக்காக உழைத்த பகுதி அது. நாகப்பட்டினத்துக்காரர் மீனுக்கு என்னைக் கேட்கலாமா?

தஞ்சாவூர், வல்லம்: எத்தனை மணிக்கு வர வேண்டும்?

ஆறரை. மூன்றாவது ஆளுக்கு வெறும் எண்ணைத்தான் எழுதுவேன்.

திருவிடைமருதூர் வாசகி: மார்கழியில் முருங்கைக்காய் இந்த விலை விற்கிறதே, பதுக்குகிறார்களா?

முருங்கைக்காயைப் பதுக்க முடியாது, அம்மா, சில நாளில் வதங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பூ உதிர்ந்துவிடுகிறது. வரத்து குறைகிறது, விலை ஏறுகிறது. டெல்டாவில் அதே மழையில் மற்ற தோட்டங்களிலும் தண்ணீர் நிற்கும், அப்போது ஒட்டன்சத்திரத்துக் காய்தான் நமக்குத் துணை. பங்குனி, சித்திரையில் முருங்கை மலிவாக வரும், சாம்பார் அதுவரை காத்திருக்கட்டும். இப்போது அவரையும் மொச்சையும் பரங்கியும் வருகிற காலம். பொங்கல் கூட்டுக்கு வாங்குகிறவர்கள் போகிக்கு முந்தின நாள் வராதீர்கள், அன்றைக்குப் பலகையில் எல்லாமே ஏறியிருக்கும்.

கும்பகோணம், மற்றொருவர்: பேரம் பேசலாமா?

பலகையைப் பாருங்கள்.